மாவு மில்லுக்கு டி அண்ட் ஓ லைசென்ஸ்: வில்லாபுரம் அனுபவம்

மாவும் மிளகாயும் அரைப்பது எப்படி 'அபாயகரமான, அருவருக்கத்தக்க தொழில்' (டேஞ்சரஸ் அண்ட் அஃபென்சிவ், சுருக்கமாக டி அண்ட் ஓ) ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். மிளகாய்த்தூள் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில் ஏறும். மோட்டார் அதிர்வு பொதுச்சுவர் வழியாக அவர்கள் படுக்கை வரை போகும். அதனால்தான் மாநகராட்சி உரிமம் கேட்கிறது. கேட்கவும் வேண்டும்.

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் மில்லுக்கு உரிமம் கேட்டு விண்ணப்பத்தோடு கொடுத்தவை: சொத்து வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், மெஷின்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடம், மின் இணைப்பு விவரம். இதில் சிக்கியது கடைசி ஒன்றுதான். விண்ணப்பத்தில் மோட்டாரின் ஹெச்.பி. (குதிரைத்திறன்) கணக்கு, மின் இணைப்பில் கிலோவாட். மிளகாய் மெஷின் 10, மாவு மெஷின் 5. மொத்தம் 15 ஹெச்.பி., அதாவது 11.2 கிலோவாட். இணைப்பு 8 கிலோவாட்டுக்குத்தான் இருந்தது. மின் இணைப்பில் கூடுதல் லோடு (மின்சுமை) வாங்கிய பிறகே மனு நகர்ந்தது.

சுகாதார ஆய்வாளர் வந்ததும் முதலில் பார்த்தது எக்ஸாஸ்ட் ஃபேனை. அது சந்துப் பக்கம், எதிர் வீட்டு ஜன்னலுக்கு நேராக இருந்தது. அதை அடைத்துவிட்டு, புகைபோக்கிக் குழாயைப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியைவிட உயரமாகப் போகும்படி ஏற்றினோம். அடுத்தது பல்வரைசரின் (மிளகாய் அரைக்கும் மெஷினின்) துணிப்பை; அரைத்த தூளைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் வெளியே விடுவது அது. மிளகாயில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. நாள் போகப் போகத் துணியின் கண் அடைந்து, காற்று வெளியேற வழியில்லாமல் ஹாப்பர் (மிளகாயைக் கொட்டும் வாய்) வழியாகவே தூளைத் திருப்பித் தள்ளும். பையை விரலால் சுண்டினால் தூள் உதிராமல் துணி விறைப்பாக நின்றால் அடைந்துவிட்டது என்று அர்த்தம். கெட்டிக் காடாத்துணியில் இரண்டு பை வைத்து, மாற்றி மாற்றித் துவைத்து நன்றாகக் காயவைத்து மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் மாவு ஒட்டிக் கட்டிதட்டிவிடும்.

அதிர்வுக்கு, மெஷினின் கான்கிரீட் மேடையைப் பொதுச்சுவரிலிருந்து 2 அடி தள்ளித் தனியாகப் போட்டு, மெஷினுக்கும் மேடைக்கும் இடையில் ரப்பர் பேட் வைத்தோம். மேடை சுவரைத் தொட்டால் ரப்பர் வைத்தும் பயனில்லை. பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடி கட்டாயம் போடுங்கள். சேலைத் தலைப்பு சிக்கும் இடம் அது. குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. தீபாவளிக்கு முந்தைய வாரம் எவ்வளவு கூட்டம் நின்றாலும் இரவில் ஓட்டாதீர்கள், புகார் வருவது அப்போதுதான்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு இதில் சேராது, தனியாக எடுக்க வேண்டும். டி அண்ட் ஓ உரிமத்தில் முடிவுத் தேதியைப் பார்த்து, அதற்கு முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள். மெஷினை மாற்றினாலோ ஹெச்.பி. கூடினாலோ பழைய உரிமம் அதற்குச் செல்லாது.