பையில் ஏறிய மலை

அண்ணியோடு மலையேறுவதில் ஒரு சௌகரியம் உண்டு. மூச்சே வாங்காது. பத்தடிக்கு ஒரு தடவை இயற்கை அவருக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்கும். அதைக் குனிந்து எடுத்து, தூசி தட்டி, இது எதற்காக இன்றைக்கு நம் கண்ணில் பட்டது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் நாம் தண்ணீர் குடித்து, காலை நீட்டி, ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிடலாம். அடிவாரப் பலகையில் மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்தால், அது அண்ணி இல்லாதவர்களுக்கான கணக்கு.

இப்படிக் கிடைக்கிற பொருள்களுக்கு அவர் வைத்திருக்கும் பொதுப்பெயர் ‘கொடுப்பினை’. உதிர்ந்த இறகு, ஓட்டை விழுந்த கூழாங்கல், நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, எந்த மரத்துக்குச் சொந்தம் என்று தெரியாத விதை, எல்லாமே கொடுப்பினைதான். அவற்றைச் சுமப்பது அண்ணனுடைய கொடுப்பினை. அண்ணன் அதிகம் பேசமாட்டார். கூப்பிட்டதும் முதுகைத் திருப்பிக் காட்டுவார், அண்ணி பையைத் திறந்து உள்ளே போடுவார், அண்ணன் நடப்பார். கல்யாணமான நாளிலிருந்து நடந்து வரும் ஏற்பாடு.

எனக்கு எதிர்க்கட்சி வேலை. கொஞ்சம் அறிவியல் தெரியும், பேச்சைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் அளவுக்கு.

அன்றைக்கு முதலில் வந்தது ஒரு நீல இறகு. விரல் நீளம்தான் இருக்கும். நடுத்தண்டிலிருந்து இரு பக்கமும் சாய்ந்து போகும் இழைகள் ஓரிடத்தில் பிரிந்து, கிழிசலாகத் தெரிந்தது. அண்ணி அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, அடியிலிருந்து நுனிவரை மெல்ல ஒரு உருவு உருவினார். கிழிசலைக் காணோம்.

“பாத்தீங்களா தம்பி? பிரிஞ்சே போனாலும் தடவிக் குடுத்தா சேர்ந்துக்குது. உங்க அண்ணனுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

அண்ணன் தூரத்து மரம் ஒன்றை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆரம்பித்தேன். ஒவ்வொரு இழையிலிருந்தும் இன்னும் நுண்ணிய இழைகள் கிளம்புகின்றன, அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் இருக்கின்றன, பக்கத்து இழையை அவை பிடித்துக்கொள்கின்றன, பறவை அலகால் கோதிவிடும்போது விட்டுப்போன கொக்கிகள் திரும்ப மாட்டிக்கொள்கின்றன, ஜிப் மாதிரி. அப்படியே நீலத்துக்கும் வந்தேன். இறகில் மஞ்சளுக்குச் சாயம் உண்டு, பழுப்புக்கு உண்டு, நீலத்துக்குக் கிடையாது. உள்ளே இருக்கும் மிக நுண்ணிய காற்றறைகளில் பட்டு ஒளி சிதறுகிறது, அதில் நீலம் மட்டும் தூக்கலாக நம் கண்ணுக்கு வந்து சேருகிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் பின்பக்கமிருந்து வரட்டும் என்றேன்.

பிடித்துப் பார்த்தார். நீலம் போய் மங்கல் பழுப்பு நின்றது. கீழே இறக்கினார், நீலம் வந்தது. மறுபடி தூக்கினார்.

“அடேயப்பா! அப்போ இருக்கிற மாதிரி தெரியும், ஆனா இல்ல. இதைத்தானே மாயைன்னு அன்னிக்கே சொல்லி வச்சாங்க!”

வெறும் இறகாகப் பைக்குள் போயிருக்க வேண்டியது, என் புண்ணியத்தில் வேதாந்தமாகப் போயிற்று.

ஓடையைத் தாண்டும் இடத்தில் இதய வடிவத்தில் ஒரு கல். சாம்பல் நிறம், குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு, உள்ளங்கை நிறைய. சும்மா சொல்லக்கூடாது, அச்சு அசலாக இதயம்தான். தண்ணீரில் உருண்டு, மற்ற கற்களோடு மோதி மோதி முனைகள் தேய்ந்தால் உருண்டையும் வரும், முட்டையும் வரும், ஆயிரத்தில் ஒன்று இப்படியும் வரும் என்றேன். பிறகு மனித மூளையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. உருவம் இல்லாத இடத்திலும் அதற்கு உருவம் கண்டுபிடித்தாக வேண்டும். 1976-ல் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் எடுத்த படம் ஒன்றில் மனித முகம் தெரிந்தது. உலகமே பரபரத்தது. 2001-ல் வேறொரு விண்கலம் இன்னும் துல்லியமாகப் படம் எடுத்தபோது அது உச்சி தட்டையான வெறும் குன்று. முகமாகக் காட்டியது சாய்ந்த வெயிலின் நிழல்.

அண்ணி வாயில் கையை வைத்துக்கொண்டார். “செவ்வாய்லயுமா!”

“அண்ணி, அங்கே முகம் இல்லேன்னு சொல்றேன்.”

“நிழல் விழுந்து காட்டுச்சுன்னுதானே சொன்னீங்க? காட்டணும்னு இருந்திருக்கு, காட்டியிருக்கு.”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இதெல்லாம் என்று கடைசி அஸ்திரத்தையும் விட்டுப் பார்த்தேன்.

“சரி, அத்தனை மரம் இருக்க, அந்தக் காக்கா அந்தப் பழத்து மேல அந்த நேரம் பாத்து எதுக்கு வந்து உட்காரணும்? அதுக்குப் பதில் சொல்லுங்க மொதல்ல.”

இப்படிக் கேட்டால் என்ன செய்வது? கல் பைக்குள் போயிற்று. அண்ணனின் வலது தோள் இறங்கிற்று.

ஏறுவழியில் அண்ணன் கால்சட்டை முழுக்க ஒட்டுமுள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, சும்மா இருக்க முடியாமல், ஒட்டிப் பிரிக்கிற பட்டை இருக்கிறதே, அந்த வெல்க்ரோ வந்த கதையைச் சொன்னேன். சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்று ஒரு பொறியாளர். 1941-ல் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் நாயோடு போய்விட்டு வந்தவர், தன் உடுப்பிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டியிருந்த விதைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். முனைக்கு முனை கொக்கி. அந்தக் கொக்கியைத் துணியில் கொண்டுவர வருடக்கணக்கில் பாடுபட்டு, 1955-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்குச் செருப்பு, பை, விண்வெளி வீரர் உடை என்று அது இல்லாத இடம் இல்லை. இது முழுக்க அறிவியல், இதில் கை வைக்க முடியாது என்ற தைரியத்தில் சொன்னேன்.

“அவருக்கு முன்னாடி எத்தனை பேர் காலில் ஒட்டியிருக்கும் இது?” என்றார் அண்ணி. “எல்லாரும் உதறிட்டுப் போனாங்க. அவர் ஒருத்தர்தான், எதுக்கு வந்து ஒட்டுனேன்னு அதைக் கேட்டிருக்கார்.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை. நானும் அன்றைக்கு உதறுகிற கட்சியில்தான் இருந்தேன், ஒரு கண் பாதையிலும் ஒரு கண் கைக்கடிகாரம் காட்டும் அடிக்கணக்கிலுமாக. ஓட்டை விழுந்த கல்லையோ, இலையின் அடிப்பக்கம் முத்து வைத்த மாதிரி வரிசையாக இருந்த முட்டைகளையோ நான் கவனிக்கவே இல்லை. எல்லாம் அண்ணி கூப்பிட்டுக் காட்டியவை.

ஆனாலும் கண்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அதையும் சொன்னேன். அமெரிக்காவின் அரிசோனாவில் மரங்கள் கல்லாகிப்போன ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து ஞாபகார்த்தமாகத் துண்டைக் கிளப்பிக்கொண்டு போனவர்கள், வேலை போயிற்று, உடம்பு படுத்துகிறது, எல்லாம் இந்தக் கல்லால்தான் என்று மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். எந்த இடத்துக் கல் என்று தெரியாமல் கண்ட இடத்தில் போட்டால் ஆராய்ச்சி குழம்பும் என்பதால், பூங்காக்காரர்கள் அவற்றைத் தனியாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். மனசாட்சிக் குவியல் என்றே அதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைக்கும் இதே மாதிரி மன்னிப்புக் கற்கள் வருகின்றன. இறகுக்கும் அப்படித்தான்: அமெரிக்காவில் 1918-ஆம் வருடச் சட்டப்படி, அங்குள்ள பெரும்பாலான பறவைகளின் இறகு தானாக உதிர்ந்து கிடந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது.

“நல்லா சொல்லுடா” என்றார் அண்ணன். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

அண்ணி அசரவில்லை. “அவங்க எடுத்தாங்க தம்பி. எனக்குக் குடுக்கப்படுது. ரெண்டும் ஒண்ணா?”

அடுத்த திருப்பத்தில் அவர் குனிந்து எடுக்கப்போன ஒரு சுள்ளி, எழுந்து நடந்தது. குச்சிப்பூச்சி. நடக்கும்போதுகூடக் காற்றில் சுள்ளி ஆடுகிற மாதிரி முன்னும் பின்னும் அசைந்து அசைந்துதான் போயிற்று. கால்கள் அத்தனை மெலிசு. வேறு யாராவது என்றால் அலறியிருப்பார்கள். அண்ணி அதனிடம் “மன்னிச்சுக்கப்பா, கவனிக்கல” என்று சொல்லிவிட்டு, அது போகிற பக்கமெல்லாம் பின்னாலேயே போனார்.

அண்ணன் அந்த நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டார். பாதை ஓரத்துத் தட்டைப் பாறையில் பையை இறக்கி, கற்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். வீசியெறிய அவருக்கு மனசு வராது, சுபாவம் அப்படி. பெரியது அடியில், அதற்கு மேல் அடுத்தது என்று பார்த்துப் பார்த்து அடுக்கி, உச்சியில் அந்த இதயக் கல்லை நிமிர்த்தி வைத்தார். இறகும் இலையும் விதைகளும் மட்டும் பைக்குள் திரும்பிப் போயின. நான் பார்ப்பதைப் பார்த்தவர், “முழங்கால்டா” என்றார். மேற்கொண்டு விளக்கம் இல்லை. நானும் கேட்கவில்லை.

உச்சியில் வழக்கமான உச்சிதான். காற்று, காட்சி, எல்லோரும் எடுக்கும் அதே இடத்தில் ஒரு புகைப்படம். அப்புறம் இறங்கினோம்.

தட்டைப் பாறை நெருங்கியபோது அங்கே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணனுடைய அடுக்கு ஒன்று, இப்போது பக்கத்தில் குட்டிகுட்டியாக இன்னும் சில. யாரோ மஞ்சள் காட்டுப்பூ ஒன்றை உச்சியில் செருகியிருந்தார்கள். பாதை புலப்படாத பாறைவெளிகளில் கல் அடுக்கி வழி காட்டுவது காலங்காலமாக இருப்பதுதான். பார்க்கிறவர் வழி தப்பிவிடுவார் என்று, விளையாட்டுக்கு அடுக்க வேண்டாம் எனப் பல தேசியப் பூங்காக்களில் கேட்டுக்கொள்கிறார்கள். அண்ணனின் அடுக்கு யாரையும் வழி தப்ப வைக்கவில்லை. போகிறவர்களை நிற்க வைத்துவிட்டது. ஒரு பையன் சம்மணமிட்டுக் கண்ணை மூடியிருந்தான். கூட வந்த பெண் எங்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள்.

“இங்க என்னமோ இருக்குங்க” என்று அண்ணி கிசுகிசுத்தார். “வரும்போதே எனக்குப் பட்டது.” தானும் கண்ணை மூடிக்கொண்டு, முழங்கையால் அண்ணனை இடித்தார். அண்ணனும் தன் கையால் அடுக்கிய கற்களுக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் சிரிப்பை அடக்க இருமினேன்.

கண்ணைத் திறந்த அண்ணி ஒரு நொடி அசையவில்லை. “தம்பி! நமக்கு ஓடையில கிடைச்சதே, அதோட ஜோடி! அதே வெள்ளைக் கோடு பாருங்க! என்னங்க, பையைத் திறங்க, ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாக்கணும்.”

அண்ணன் திறக்கவில்லை. அண்ணியே திறந்தார். தண்ணீர் பாட்டில், துண்டு, இறகு, இலை, விதைகள். அடிவரை கைவிட்டுத் துழாவினார். பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் அந்தத் தூரத்து மரம் எங்கே என்று தேட ஆரம்பித்தேன்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நமக்கு முன்னாடியே இறங்கிடுச்சு போல.”

அண்ணி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அடுக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “சரி. இடம் பாத்து உட்கார்ந்திருச்சு. இனிமே அதைத் தொடக்கூடாது” என்றார். பையிலிருந்து நீல இறகை எடுத்து, காற்றில் போய்விடாமல் அடிக்கல்லுக்கு அடியில் ஒரு நுனியைச் செருகிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

இருபதடிகூடப் போயிருக்கமாட்டோம். குனிந்தார், எடுத்தார், தூசி தட்டினார். அண்ணன் பழக்கதோஷத்தில் முதுகைத் திருப்பினார். அண்ணி அவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, இதை நீங்க வச்சுக்குங்க.”

வாங்கிக்கொண்டேன். குறைந்தது ஒரு கிலோ இருக்கும்.