ஜெபம் கேட்டவனுக்குச் சிபாரிசு

"பிரதர், ஜெபத்துல ஞாபகம் வச்சுக்கோங்க. லிஸ்ட்ல என் பேரும் இருக்குன்னு சொல்றாங்க."

"எம்ப்ளாயி ஐடி அனுப்பிவை. நான் பேசிக்கிறேன்."

"சரி சார்."

லிஃப்ட் வருவதற்குள் முடிந்துவிட்ட பேச்சு. அவனுக்கு இது ஞாபகம் இருக்குமா என்பதே சந்தேகம்தான். எனக்கு மட்டும் இரண்டு வருடமாக மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பேச்சைத் தொடங்கும்போது அவனுக்குப் பிரதராக இருந்த நான், முடியும்போது சார் ஆகியிருந்தேன். நடுவில் நான் சொன்னது அந்த ஒரு வரி மட்டும்.

தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னமும் பாதி நாட்கள் அப்படித்தான் நினைக்கிறேன். ஆட்குறைப்புப் பட்டியல் தயாராகிற வாரத்தில் ஒருவன் பயந்துபோய் வருகிறான். என் பேச்சுக்கு மேலிடத்தில் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு "ஜெபிக்கிறேன் தம்பி" என்று முதுகில் தட்டி அனுப்பினால் அதற்குப் பெயர் பக்தியா, தட்டிக்கழிப்பா? யாக்கோபு தன் நிருபத்தில் கேட்பதும் இதைத்தானே. உடுத்த இல்லாதவரிடமும் சாப்பிட இல்லாதவரிடமும் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனால் என்ன பிரயோஜனம் என்கிறார். நான் வாயோடு நிற்கவில்லை. அன்று சாயங்காலமே போய்ப் பேசினேன். அவன் பார்க்கிற வேலைக்கு இன்னொரு ஆளைப் பழக்கி எடுக்க ஆறு மாதமாவது ஆகும் என்றேன். அது பொய்யும் இல்லை. அவன் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

சரி, அப்புறம் என்ன உறுத்தல் என்று கேட்கலாம். அவன் என்னிடம் சிபாரிசு கேட்கவே இல்லை. அதுதான் உறுத்தல்.

இதற்கெல்லாம் முன்பு புதன்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையின் கடைசிப் பதினைந்து நிமிடம், சின்ன மீட்டிங் அறையில் நான்கைந்து பேர் கூடி ஜெபிப்போம். ஆரம்பித்துவைத்தது நான். அப்போது என் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த மேலாளருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பேசிப் பார்க்க ஆள் இல்லை, போக வேறு இடம் இல்லை, அதனால் ஜெபித்தேன். அவன் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பையன். கதவோரத்து நாற்காலியில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு உட்காருவான். முறை வரும்போது தன் கவலை எதையும் சொல்லமாட்டான், என்னைத்தான் சொல்வான். "ஆண்டவரே, பிரதருக்கு ஒரு வாசலைத் திறந்தருளும்." வாசல் திறந்தது. ஒன்றுக்கு மூன்றாகத் திறந்தது. மூன்றாவது பதவி உயர்வோடு புதன்கிழமை மதியத்துக்கு ஒரு வாராந்திர ரிவியூவும் வந்து சேர்ந்தது. "நீங்க ஆரம்பிங்க, நான் வந்துடறேன்" என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அதைச் சொல்வதும் நின்றுபோயிற்று. இனிமேல் போகவேண்டாம் என்று நான் எந்த நாளிலும் தீர்மானிக்கவில்லை.

செழிப்பு வந்தால் விசுவாசம் குளிர்ந்துபோகும் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் நான் வேறு எதையோ கற்பனை செய்துவைத்திருந்தேன். குடி, லஞ்சம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டம் போடுவது. அந்தக் கணக்கில் என்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆபீஸ் விருந்துகளில் ஜூஸ் டம்ளரோடு ஓரமாக நிற்கிற ஆள் நான்தான். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, முதல் தேதியில் சம்பளக் கணக்கிலிருந்து தானாகவே போய்விடுகிறது. அவ்வளவு ஒழுங்காகப் போவதால், போன மாதம் போனதா என்று யாராவது கேட்டால் செல்போனை எடுத்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தன் கடைசிக் காலத்தில், 1786-ல், இதைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறார். பக்தி இருந்தால் உழைப்பும் சிக்கனமும் வரும், அவை பணத்தைக் கொண்டுவரும், பணம் பெருகப் பெருகப் பெருமையும் உலக ஆசையும் பெருகும், கடைசியில் பக்தியின் உருவம் மட்டும் மிஞ்சும் என்பது அவருடைய கவலை. வாசித்தபோது கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. கணக்கில் பொய் எழுதாமல் நேரத்தைத் திருடாமல் வேலை பார்த்ததால்தான் உயர்ந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லி வந்தவன் நான். அதையே என்னைக் கவிழ்க்கிற பள்ளம் என்று ஒருவர் காட்டினால் எப்படி இருக்கும்?

நீதிமொழிகள் 30-ல் ஆகூர், "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக" என்று கேட்கிறான். வயிறு நிறைந்து, கர்த்தர் யார் என்று மறுதலித்துவிடுவேனோ என்பது அவன் பயம். உபாகமம் 8-ஆம் அதிகாரத்தில் வேறொரு பயம் இருக்கிறது. 40 வருடம் வனாந்தரத்தில் வானத்திலிருந்து வந்த மன்னாவைத் தின்று நடந்த இஸ்ரவேலரிடம், நல்ல வீடு கட்டிக் குடியேறி ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் பெருகும்போது கர்த்தரை மறந்துபோகாதே என்று மோசே சொல்கிறான். என் கதை இந்த இரண்டாவதில் வருகிறது. மறுதலிப்பதற்காவது அவரை ஒரு நிமிடம் நினைக்கவேண்டும். லிஃப்ட் வாசலில் நான் அவரை நினைக்கவே இல்லை. ஜெபம் என்ற சொல் காதில் விழுந்தது, எச்.ஆர். நம்பர் மனதில் வந்தது.

வேதத்தில் இரண்டு பானபாத்திரக்காரர்களை, ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கிறவர்களைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். யோசேப்பு சிறையில் ஒருவனிடம் சிபாரிசு கேட்டான், பார்வோனிடம் என்னைப் பற்றிச் சொல் என்று. விடுதலையாகிப் போனவன் 2 வருடம் அவனை மறந்தே போனான். அவனோடு ஒப்பிட்டால் நான் எவ்வளவோ மேல், சொன்னபடி அன்றே பேசினேன். மற்றவன் நெகேமியா. உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறான். அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் நெகேமியா தேவனை நோக்கி ஜெபம் செய்துவிடுகிறான். பிறகு கூச்சப்படாமல் ராஜாவிடம் கடிதங்களும் வாங்கிக்கொள்கிறான், தேசாதிபதிகளுக்குச் சில, மரம் தரச் சொல்லி வனக் காவலாளன் ஆசாப்புக்கு ஒன்று. ஆகவே சிபாரிசு பாவமில்லை. அந்த ஜெபம் லிஃப்ட் வருகிற நேரம்கூட எடுத்திருக்காது. ஆனால் அதற்கு முன்னால் கிஸ்லே மாதம் தொடங்கி நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம், அவன் அழுது உபவாசித்து ஜெபித்திருக்கிறான். பழக்கம் விட்டுப்போன என்னிடம் அந்த ஒரு விநாடியை எதிர்பார்ப்பது நியாயமா? இதுவும் ஒரு சாக்குதான், தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். பட்டியலில் இத்தனை பேர் என்று மேலிடம் கொடுத்த எண்ணிக்கை கடைசிவரை மாறவில்லை. அவன் பெயர் எடுக்கப்பட்ட இடத்தில் யாரோ ஒருவருடைய பெயர் வந்திருக்கவேண்டும். யார் என்று நான் விசாரிக்கவில்லை. ஜெபித்திருந்தால் அந்த ஒருவர் தப்பியிருப்பாரா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஜெபித்துவிட்டும் அதே சிபாரிசைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது. ஒருவேளை யார் என்றாவது விசாரித்திருப்பேன்.

பட்டியல் வெளியான மறுநாள் அவன் என் அறைக்கு வந்தான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "உங்களாலதான் சார்" என்றான். புதன்கிழமை மதியங்களில் இருந்த நானாக இருந்தால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லு என்றிருப்பேன். "நல்லா வேலை பாரு" என்றேன். அந்த நிமிடம் எனக்கு உள்ளுக்குள் இனித்தது என்பதையும் மறைக்கக்கூடாது. போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, "அம்மா தினமும் உங்களுக்காக ஜெபிக்கிறாங்க சார்" என்றான். நானும் உனக்காக ஜெபித்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.

போன மாதம் வேறு டீமில் இருக்கிற ஒரு பெண் வந்தார். அதே பயம், ஏறக்குறைய அதே வார்த்தைகள். இந்த முறை கதவைச் சாத்திவிட்டு, "இப்பவே ஜெபிக்கலாமா?" என்றேன். கண்ணை மூடி ஆரம்பித்தால் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வார்த்தைகள் தடுக்கித் தடுக்கி வந்தன, அவர் விசும்புவது கேட்டது. யாரிடம் பேசினால் வேலை ஆகும், எங்கிருந்து தொடங்கினால் மேலிடத்தில் மறுக்கமாட்டார்கள் என்று மனது இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு "தேங்க்ஸ் பிரதர்" என்றார். நான் ஆமென் சொல்வதற்கு முன்பே மெயிலின் முதல் இரண்டு வரிகள் தயாராகியிருந்தன.