முதல் 87 வரிகள்

அரக்கு உருக்கி சீல் வைப்பது பார்வைக்குச் சின்ன வேலை. வங்கிக் கிளையில் கேஷியர் யாருடனாவது பேசிக்கொண்டே செய்துவிடுவார். ஆடி மாதத்தில், ஈரோட்டுக்கு மேற்கே, வெட்டவெளியைப் பார்த்த ஒரு வீட்டு வாசலில் நின்று செய்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். குச்சியை உரசினால் அணைகிறது. மெழுகுவர்த்தியை ஏற்றினால் அதுவும் அணைகிறது. நாங்கள் கொண்டுபோன தீப்பெட்டி காலியாகிவிட்டது. பூட்டைச் சுற்றிய காடாத்துணியில் ஒரு சொட்டு அரக்கு விழவில்லை. கையில் பித்தளை முத்திரையோடு நான் நிற்கிறேன், ஊர் வேடிக்கை பார்க்கிறது.

அப்போது அந்த வீட்டுக்காரர், அதாவது யாருடைய வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தோமோ அவரே, வாசலில் இறக்கி வைத்திருந்த சாமான்களுக்கு நடுவே ஒரு பையைத் துழாவி தீப்பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். "காத்து மேக்கால இருந்து அடிக்குதுங்க சார். நீங்க இப்படித் திரும்பி நில்லுங்க" என்றார். குச்சியை உரசி, இரண்டு கைகளையும் குவித்து மறைத்துக்கொண்டார். அந்தக் கூண்டுக்குள் சுடர் நின்றது. அரக்கு உருகியது. நான் முத்திரையை அழுத்தினேன்.

இது நடந்தது 2014இல். வங்கியில் எனக்கு அப்போது முதன்மை மேலாளர் பதவி. சர்ஃபாசி சட்டப்படி 'அதிகாரம் பெற்ற அலுவலர்' என்று ஒருவர் இருக்க வேண்டும், அவர் அரசு வங்கியில் முதன்மை மேலாளருக்குக் குறைந்த பதவியில் இருக்கக் கூடாது. எங்கள் வட்டாரத்தில் அந்தப் பாக்கியம் எனக்கு வாய்த்தது. 2002இல் வந்த அந்தச் சட்டத்தின் ஓட்டம் எளிமையானது. தவணை 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன். பிறகு 60 நாள் நோட்டீஸ். அதற்கும் பணம் வரவில்லையென்றால் அடமானச் சொத்தை வங்கியே கையகப்படுத்தலாம், சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆள் காலி செய்ய மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எங்கள் பக்கம் அவர் ஒரு அட்வகேட் கமிஷனரை நியமிப்பார். கமிஷனர், இரண்டு போலீஸ்காரர்கள், பூட்டுக்காரர், வீடியோ எடுப்பவர், நான். கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் மாதிரி ஒரு வேனில் கிளம்புவோம்.

வீட்டுக்காரர் விசைத்தறி வைத்திருந்தவர். எட்டுத் தறி. 2012இல் எங்கள் பக்கம் நாளில் பாதி நேரம் கரண்ட் கிடையாது. தறி ஓடினால்தான் கூலி, கூலி வந்தால்தான் தவணை. நூல் விலை வேறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பது கணக்கைப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதே சமயம் வங்கியின் பணம் வங்கியின் சொந்தப் பணமும் இல்லை. யாரோ ஓய்வுபெற்ற ஆசிரியர் போட்ட டெபாசிட். வாங்கினால் கட்டத்தான் வேண்டும். இதில் எனக்கு அன்றும் குழப்பமில்லை, இன்றும் இல்லை.

குழப்பம் வேறு இடத்திலிருந்து வந்தது.

வங்கித் தேர்வு எழுதுவதற்கு முன் நான் திருச்சியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன். அங்கே ஒரு கிரேக்க நாடகம் பாடமாக இருந்தது: 'கட்டுண்ட புரோமிதியூஸ்'. எஸ்கிலஸ் எழுதியது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள், அவர்தான் எழுதினாரா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தேவலோகத்து நெருப்பைத் திருடி மனிதர்களுக்குக் கொடுத்த குற்றத்துக்காக, தேவர்களின் அரசன் ஜீயஸின் கட்டளைப்படி புரோமிதியூஸை சித்திய நாட்டுப் பாறையில் அறைகிறார்கள். ஹாஸ்டலில் நாங்கள் எல்லோருமே புரோமிதியூஸ்தான். எதிர்த்து நிற்பவன், வலியிலும் மன்னிப்புக் கேட்காதவன். அந்த வயதில் வேறு யாராக இருக்க முடியும்?

நாடகம் ஆயிரத்துச் சொச்சம் வரி. புரோமிதியூஸ் வாயைத் திறப்பது 88ஆவது வரியில். அதற்கு முன்னால் உள்ளதை நாங்கள் பரீட்சைக்குக்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை. சீல் வைத்துவிட்டு வந்த அன்றிரவு தூக்கம் வராமல் பழைய பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். முதல் 87 வரிகளில் என் அலுவலகம் முழுவதும் இருந்தது.

மேடைக்கு வருபவர்கள் நால்வர். க்ராட்டோஸ், அதாவது அதிகாரம். பியா, அதாவது வன்முறை. கொல்லர்களின் தெய்வமான ஹெபஸ்டஸ். பிறகு கைதி. அறைய வேண்டியவன் ஹெபஸ்டஸ். ஆணியும் சுத்தியலும் அவனுடையவை, ஏனென்றால் அந்த வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதிகாரம் பேசிக்கொண்டே இருக்கிறது. வன்முறை கடைசிவரை ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, நிற்கிறது, அவ்வளவுதான். வேப்பமரத்தடியில் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற அந்த இரண்டு போலீஸ்காரர்களும் காலையிலிருந்து மாலைவரை யாரையும் அதட்டவில்லை. அதட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. அவர்கள் அங்கே நின்றதே போதுமாக இருந்தது.

ஹெபஸ்டஸ் தயங்குகிறான். இவன் என் உறவுக்காரன், பழகியவன், எப்படி அறைவேன் என்கிறான். இத்தனைக்கும் திருட்டுப் போனது அவனுடைய நெருப்பு. க்ராட்டோஸ் அதைச் சொல்லிக் குத்தியும் காட்டுகிறான். அப்புறம் ஹெபஸ்டஸ் தன் கைத்தொழிலையே வெறுப்பதாகச் சொல்லிவிட்டு, இந்த வேலை வேறு யாருக்காவது வாய்த்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறான். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒலிம்பஸ் மலையிலும் டிரான்ஸ்ஃபர் கேட்டிருக்கிறார்கள்! அதற்கு க்ராட்டோஸ் சொல்லும் பதில் எந்த ரீஜனல் ஆபீஸிலும் செல்லும். ஆளுகிற வேலையைத் தவிர எல்லா வேலையும் பாரம்தான், ஜீயஸைத் தவிர இங்கே யாருக்கும் சுதந்திரம் இல்லை என்கிறான்.

இன்னொரு வரி. கைகள், தோள், மார்பில் ஓர் ஆப்பு, விலா, கால் என்று வரிசையாக அறைந்துகொண்டு வரும்போது க்ராட்டோஸ், இன்னும் இறுக்கி அடி, நம் வேலையைச் சரிபார்க்கிறவர் கடுமையானவர் என்கிறான். ஆடிட்! எனக்கு அன்று அரை மணிக்கு ஒரு தடவை போன் வந்துகொண்டிருந்தது. "வீடியோவில் பூட்டு தெளிவாகத் தெரிகிறதா? பஞ்சநாமாவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்றா? நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் நான் பதில் சொல்ல முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள்." பஞ்சநாமா என்பது நடந்ததைச் சாட்சிகளோடு எழுதிவைக்கிற பதிவு. பேசியவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்துகொண்டிருந்தார்.

இதே காட்சி நம்மிடமும் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைப் பார்த்த உடனேயே காவலர்கள் தயங்குகிறார்கள். இவன் கொல்லத்தக்கவன் அல்லன் என்கிறார்கள். பொற்கொல்லன் விடுவதில்லை. கள்வர்கள் கையாளும் எட்டு வித்தைகளைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்கிறான். இன்னொருவன் தனக்கு நேர்ந்த பழைய கதையைச் சொல்கிறான். ஒரு முடிவுக்கும் வராமல் பேச்சு நீள்கிறபோது 'கல்லாக் களிமகன்' ஒருவன், அதாவது அறிவில்லாத குடிகாரன் ஒருவன், வாளை வீசிவிடுகிறான். பள்ளிக்கூடத்தில் பாண்டியன் உயிர்விட்டதைத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். தயங்கிய அந்தக் காவலர்கள் மறுநாள் என்ன ஆனார்கள் என்று நான் கேட்டதில்லை. வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஆனால் ஹெபஸ்டஸ் குடிகாரன் இல்லை, முட்டாள் இல்லை. அவனுக்கு எல்லாம் புரிகிறது. புதிதாக அதிகாரத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கடுமையாகத்தான் இருப்பார்கள் என்று ஜீயஸைப் பற்றியே சொல்கிற அளவுக்குத் தெளிவு இருக்கிறது. அவ்வளவு புரிந்தும் அடிக்கிறான். நன்றாகவும் அடிக்கிறான். வேலை சுத்தம், ஒரு ஆணிகூடத் தளரவில்லை. 81ஆவது வரியில், போகலாம், கால்களில் விலங்கு மாட்டியாயிற்று என்று கிளம்பிப்போகிறான். பிறகு நாடகம் முடியும்வரை திரும்பி வருவதில்லை.

கொஞ்ச காலம் இந்த ஒப்பீடு எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நண்பர்களிடம் சொல்வேன், அவர்களும் தலையாட்டுவார்கள். மனசு கேட்காமல் கடமையைச் செய்த நல்ல மனிதன் என்று ஒரு பெயர். சட்டத்தில் எனக்கு ஒரு பிரிவே இருந்தது. 32ஆவது பிரிவு. நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்காக அலுவலர்மேல் வழக்குப் போட முடியாது. ஹெபஸ்டஸுக்கு அப்படியொரு பிரிவு இல்லை பாவம், புலம்பல் மட்டும்தான்.

அந்த ஆறுதலைக் கெடுத்தது ஒரு கடிதம்.

60 நாள் நோட்டீஸ் போனதும் கடன்காரர் ஆட்சேபம் எழுதலாம். வங்கி அதைப் பரிசீலித்து, ஏற்கவில்லையென்றால் காரணத்தோடு பதில் அனுப்ப வேண்டும். ஆட்சேபத்தை மனம்வைத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு அது சட்டத்திலேயே ஏறிவிட்டது. தறிக்காரர் எழுதியிருந்தார். கோடு போட்ட நோட்டுத்தாளில் இரண்டு பக்கம், தமிழில். எந்தெந்த மாதம் எத்தனை மணி நேரம் தறி ஓடியது என்று ஒரு பட்டியல். இப்போது கரண்ட் பரவாயில்லை, கூலி நெய்யக் கொடுக்க ஒரு வியாபாரி சம்மதித்திருக்கிறார், ஆறு மாதம் கொடுத்தால் வட்டியை நேர்செய்துவிட்டு அசலுக்கு வருகிறேன் என்று முடித்திருந்தார்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு கம்ப்யூட்டரில் இருந்த ஆங்கில மாதிரிக் கடிதத்தைத் திறந்தேன். 'தங்கள் ஆட்சேபம் பரிசீலிக்கப்பட்டது, ஏற்கத்தக்கதாக இல்லை' என்ற பொருளில் இரண்டு பத்தி. பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை அடித்தேன், கணக்கு எண்ணை மாற்றினேன், தேதி போட்டேன். நாலு நிமிடம் ஆகியிருக்கும். அவருடைய பட்டியலைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை எழுதும்போது என்னை யாரும் நெருக்கவில்லை. போன் வரவில்லை, லத்தி இல்லை. ஆறு மாதம் கொடுக்கும் அதிகாரம் என்னிடம் கிடையாது, நிஜம்தான். கொடுக்கலாம் என்று மேலே ஒரு குறிப்பு எழுதி அனுப்பும் அதிகாரம் இருந்தது. எழுதவில்லை. எழுதினால் 'ஏன் இவருக்கு மட்டும்?' என்று ஒரு கேள்வி வரும், அதற்குப் பதில் எழுத வேண்டும், காலாண்டு முடிவு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

எனவே நான் ஹெபஸ்டஸ் இல்லை. சோபாக்ளிஸின் 'அன்டிகனி' நாடகத்தில் ஒரு காவலாளி வருகிறான், அவனுக்குத்தான் நான் நெருக்கம். மன்னன் க்ரியானின் தடையை மீறித் தன் அண்ணனின் பிணத்துக்கு மண் போட்ட பெண்ணைப் பிடித்து இழுத்து வருபவன். தனக்கு வேண்டியவர்களைத் துன்பத்தில் மாட்டிவிடுவது வருத்தம்தான், ஆனாலும் என் தலை தப்பியதைவிட அதெல்லாம் பெரிதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். அன்டிகனியைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. காவலாளி பேசுவது கொஞ்சம்தான். முப்பது வருட சர்வீஸில் அன்டிகனி மாதிரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. காவலாளிகளோடு தினமும் டீ குடித்திருக்கிறேன்.

பெரிய கடன்காரர்களின் கதை வேறு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அவர்களுக்கும் இதே சட்டம்தான். ஆனால் அவர்களுடைய ஆட்சேபம் நோட்டுத்தாளில் வராது. கட்டுக்கட்டாக, தோலட்டைக் கோப்பில், மூத்த வழக்கறிஞரின் கையெழுத்தோடு வரும். அதற்கு நாலு நிமிடத்தில் பதில் அனுப்ப யாருக்கும் தைரியம் கிடையாது. 2016இல் திவால் சட்டம் வந்த பிறகு வங்கிகள் விட்டுக்கொடுக்கிற தொகைக்கு 'ஹேர்கட்' என்று ஒரு செல்லப் பெயரும் வந்தது. பெரியவர்களுக்கு ஹேர்கட், சின்னவர்களுக்கு மொட்டை என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவரவர் கிளைக்குப் போனோம்.

அதற்குப் பிறகு ஓய்வுபெறும்வரை எனக்கு வந்த ஆட்சேபங்களுக்கு, எழுதியவர் தமிழில் எழுதியிருந்தால் தமிழிலேயே, அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்துப் பதில் எழுதினேன். சட்ட அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. எதையாவது ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும் என்றார். மூன்று பேருக்காக மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினேன், ஒருவருக்குக் கெடு கிடைத்தது. மற்ற வீடுகள் போகிறபடி போயின. க்ராட்டோஸ் பார்த்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

அந்த ஆடி மாதத்து நாளில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. சீல் வைத்து முடிந்ததும் பஞ்சநாமாவில் கையெழுத்து வாங்கினேன். அவரும் போட்டார், நிதானமாக, முழுப்பெயரை. கமிஷனர் வேனில் ஏறிவிட்டார். நானும் ஏறப் போனேன். அவர் பின்னாலேயே வந்து நின்றார். கடிதத்தைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். வயிற்றில் என்னவோ செய்தது.

"சார், தீப்பெட்டிங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பழக்கதோஷத்தில் அதைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன்.

"அம்மா சாயங்காலம் வெளக்கு வெக்கோணும்ங்க. எங்க தங்கறோம்னு தெரியலே, கடை இருக்குமோ என்னமோ."

எடுத்துக் கொடுத்தேன். அவர் லேசாக ஆட்டிப் பார்த்து, குச்சி இருக்கிற சத்தம் கேட்டதும் அம்மாவிடம் போனார்.