புரதம் கெட்டது செல்லிலா, நம் மேசையிலா?

செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதத் தரக்கட்டுப்பாட்டை (கெட்ட புரதத்தைச் சரிசெய்வதும் அகற்றுவதும்) ஆராயும் வேலையில் கடைசிவரை கூடவே வரும் கேள்வி இது. செல்லுக்குள் மடிப்புத் தவறிய புரதமும், அரைக்கும்போது நாம் கெடுத்த புரதமும் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஒரே கறையாகத்தான் விழும். இந்தத் துறையில் வருடங்கள் போவதில் பாதி, அந்த இரண்டையும் பிரித்தறியக் கற்பதில்தான்.

மனித மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ. தருவது 13 புரதங்கள் மட்டுமே. மீதி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உட்கருவின் குறிப்புப்படி வெளியே தயாராகி, பெரும்பாலும் மடியாத சங்கிலியாக உள்ளே நுழைகின்றன. நுழைந்ததை மடிக்க ஹெச்எஸ்பி60 போன்ற துணைப் புரதங்கள். மடியாததை வெட்டித் தள்ள லான், கிளிப்எக்ஸ்பி, உட்சவ்வில் இருக்கும் புரோட்டியேஸ்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் எடுக்கும் சுவாசச் சங்கிலியின் பாகங்கள் இரண்டு இடங்களிலிருந்து வருவதால் ஒன்று அதிகமாகி மற்றொன்று குறைந்தால் ஜோடி சேராத பாகம் குப்பையாகிறது. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்ற வரைபடம் 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழுவிடமிருந்து வந்தது. உலகம் முழுக்க இன்றும் புரத அமைப்புகளைச் சரிபார்ப்பது அதையும் வைத்துத்தான்.

பிரித்தெடுக்கும் வேலை ஈரலில் தொடங்கும். எலிக்கு நெறிக்குழுவின் ஒப்புதல் வேண்டும். அது வரும்வரை கை பழக ஆட்டு ஈரல் போதும். ஆனால் கடையில் தொங்கிய ஈரல் உதவாது. ரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே கால்சியமும் கொழுப்பு அமிலங்களும் ஏறத் தொடங்கும். ஆட்டுத்தொட்டிக்கே போய், வெட்டிய உடனே ஐஸில் குளிர்ந்த சுக்ரோஸ் கரைசலில் போட்டு எடுத்துவர வேண்டும். பித்தப்பையைத் தொடாமல் அறுப்பது முக்கியம். பித்த உப்புகள் சோப்பைப் போலச் சவ்வைக் கரைத்துவிடும். எலியில் (rat) இந்தத் தொல்லை இல்லை, அதற்குப் பித்தப்பையே கிடையாது.

கரைசல் எளிது: 250 மில்லிமோலார் சுக்ரோஸ், பிஎச்சை நிலையாக வைக்க 10 மில்லிமோலார் ஹெப்பிஸ், 1 மில்லிமோலார் இஜிடிஏ, கொழுப்பு அமிலம் நீக்கிய ஆல்புமின் கொஞ்சம், பிஎச் 7.4. இஜிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைக்கும், ஆல்புமின் கொழுப்பு அமிலங்களை உறிஞ்சும். பல பழைய குறிப்புகளில் ஹெப்பிஸுக்குப் பதில் டிரிஸ் இருக்கும். அதை அறை வெப்பத்தில் 7.4க்குச் சரிசெய்து ஐஸில் வைத்தால் பிஎச் 8ஐத் தொட்டுவிடும். டிகிரிக்குச் சுமார் 0.03 நகரும். 32 டிகிரி அறையில் பிஎச் பார்க்கிற சென்னை ஆய்வகத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. குளிர்வித்த பிறகு சரிசெய்வதே ஒழுங்கு.

ரத்தம் போகும்வரை கழுவி, பொடியாக நறுக்கி, கண்ணாடிக் குழாயும் டெஃப்லான் தண்டும் கொண்ட ஹோமோஜெனைசரில் நான்கைந்து முறை ஏற்றி இறக்கினால் போதும். தண்டை வேகமாக மேலே இழுத்தால் அடியில் வெற்றிடம் உண்டாகி நுரைக்கும். நுரை வந்தால் புரதம் கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். பிறகு மையவிலக்கியில் 600 ஜியில் (புவியீர்ப்பின் 600 மடங்கு) 10 நிமிடம், உட்கருவும் உடையாத செல்களும் அடியில் தங்கும். மேல்நீரை 7,000 ஜியில் 10 நிமிடம் சுழற்றினால் மைட்டோகாண்ட்ரியா அடியில் படிந்த பழுப்பு நிறப் பெல்லட். அதன் மேல் வெளிறிய, பஞ்சு போன்ற ஓர் அடுக்கு இருக்கும். சிதைந்த மைட்டோகாண்ட்ரியா நிறைய இருப்பது அதில்தான். விளைச்சல் குறைகிறதே என்று அதையும் சேர்த்துக் கலக்கும் ஆசை புதியவர்களுக்கு வரும். கலக்கினால் அன்றைய அளவீடுகள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. பெல்லட்டைக் கலைக்க மெல்லிய தூரிகை அல்லது நுனி வெட்டிய பிப்பெட் டிப் நல்லது, வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) கூடவே கூடாது. கடைசிக் கழுவலில் ஆல்புமினை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் புரத அளவீட்டில் அதுவும் கணக்காகிவிடும்.

கையில் இருப்பது நல்லதா என்று சொல்வது ஆக்சிஜன் மின்முனை. எரிபொருளாக 5 மில்லிமோலார் சக்சினேட், சுவாசச் சங்கிலியின் முதல் கட்டத்தை அடைக்கும் ரோட்டினோன், பிறகு ADP. ADP சேர்த்ததும் ஆக்சிஜன் சரசரவென்று இறங்கி, அது முழுதும் ATPயாக மாறித் தீர்ந்ததும் இறக்கம் மெதுவாக வேண்டும்; இந்த இரண்டு வேகங்களின் விகிதம்தான் சுவாசக் கட்டுப்பாட்டு விகிதம். சக்சினேட்டில் அது 3க்குக் கீழே போனால் அந்தத் தயாரிப்பில் தரக்கட்டுப்பாட்டுச் சோதனை எதுவும் செய்யாமல் இருப்பது நேரத்துக்கு லாபம். சைட்டோகுரோம் சி சேர்த்ததும் வேகம் கூடுகிறதா? வெளிச்சவ்வு கிழிந்திருக்கிறது. நேற்று ஓட்டிய ரோட்டினோன், ஒலிகோமைசின் போன்ற தடுப்பான்கள் மின்முனை அறையின் சுவரில் ஒட்டிக்கொண்டு இன்றைய ஓட்டத்தைக் கெடுப்பதும் அடிக்கடி நடக்கும். வெறும் தண்ணீரில் போகாது, ஆல்கஹாலில் கழுவிய பிறகு தண்ணீரில் பலமுறை அலச வேண்டும்.

நெறிமுறையில் 25 டிகிரி என்று இருக்கும். சூடாக்க மட்டுமே தெரிந்த தண்ணீர்த் தொட்டியை வைத்துக்கொண்டு மே மாதத்தில் 25ஐ எட்ட முடியாது. குளிர்விப்பான் இல்லையென்றால் 30 அல்லது 37இல் அளப்பது நேர்மை. அப்போது ஆக்சிஜன் கணக்கையும் மாற்ற வேண்டும்: காற்றுச் செறிவான நீரில் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 250 மைக்ரோமோல், 37இல் ஏறக்குறைய 210. இதை மாற்ற மறந்தால் எல்லா எண்களும் ஒரே சீராகத் தப்பாகும், அதனால் யாருக்கும் உறுத்தாது.

செல்களுக்கு வந்தால் தவறுகள் வேறு. ஒரு புரதம் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று பார்க்க சைக்ளோஹெக்சிமைடு போடுவது வழக்கம். அது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே புரதம் தயாரிக்கும் ரைபோசோமை நிறுத்தும், மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமைத் தொடாது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த 13 புரதங்களுக்குக் குளோராம்பெனிகால் வேண்டும். அகற்ற வேண்டிய புரதத்தில் அடையாளமாக ஒட்டும் யூபிக்விட்டின் சங்கிலிகளைத் தேடுபவர்கள் செல்லை உடைக்கும் கரைசலில் என்-எத்தில்மாலீமைடு சேர்க்காவிட்டால், குழாயிலேயே நொதிகள் சங்கிலியைக் கழற்றிவிடும். அதே கரைசலில் டிடிடி என்ற ஒடுக்கி இருந்தால் சேர்த்தும் பயனில்லை, இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். புரோட்டியேஸ்களைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் நீரில் நிலைக்காது. காலையில் கலந்த கரைசலை மாலையில் பயன்படுத்துவது சும்மா ஊற்றுவதுதான். சவ்வுப் புரதங்களை வழக்கம்போல 95 டிகிரியில் கொதிக்கவைத்தால் பல திரண்டு ஜெல்லின் மேல்விளிம்பிலேயே நின்றுவிடும். செல்லுக்குள் திரள் உண்டானதென்று அதைப் படித்துவிடும் ஆபத்து உண்டு. 37 அல்லது 50 டிகிரியில் வைத்த இன்னொரு மாதிரியை அருகில் ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அகற்றக் குறியிடும் பிங்க்1-பார்க்கின் வழியைத் தொடுபவர்கள், ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதப் புற்றுச் செல்லான ஹீலா செல்லில் இயல்பாகப் பார்க்கின் இல்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளட்டும். வெளியிலிருந்து கொடுத்தால்தான் உண்டு. மின்னழுத்தத்தைத் தகர்க்கும் சிசிசிபியை 10 மைக்ரோமோலார் என்று எழுதிவிட்டு சீரம் அளவை எழுதாத ஆய்வறிக்கையை அப்படியே பின்பற்ற முடியாது. ஆல்புமின் அதைப் பிடித்துக்கொள்வதால் சீரம் கூடினால் மருந்து குறைந்த மாதிரி. 25 மில்லிமோலார் குளுக்கோஸில் வளரும் செல்கள் மைட்டோகாண்ட்ரியா இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் கிளைகாலிசிஸிலேயே பிழைத்துக்கொள்ளும், மைட்டோகாண்ட்ரியா நொண்டினாலும் காட்டிக்கொடுக்காது. காலக்டோஸுக்கு மாற்றினால்தான் குறை வெளியே வரும்.

ஆய்வு மாணவருக்கு ஐந்து வருடம் என்றால், நம்பத்தக்க பெல்லட் கைக்கு வரவே சில மாதங்கள் போகும். அந்த மாதங்களுக்குக் கட்டுரை வராது. வழிகாட்டிகள் இதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடலாம்.

சுவாச அளவீடு அன்றே, நான்கைந்து மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். உறையவைத்து உருக்கினால் சவ்வு கிழிந்துவிடும். அந்த மாதிரி சிட்ரேட் சிந்தேஸ் போன்ற நொதி அளவீட்டுக்கும் பிளாட்டுக்கும் (ஜெல்லில் பிரித்த புரதத்தைத் தேடும் சோதனை) மட்டும் ஆகும். மைனஸ் 80இல் வைக்கும்போது ஒரு முறைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, குழாயில் அன்றைய சுவாச விகிதத்தையும் எழுதிவிடுவது நல்லது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஏறாத இரவுக்குப் பிறகு குழாய்கள் தப்பினவா என்று பார்க்க, பெட்டிக்குள் உறைந்த தண்ணீர்க் குழாய் ஒன்றைத் தலைகீழாக வைத்திருந்தால் போதும். தண்ணீர் மூடிப்பக்கம் இறங்கி உறைந்திருந்தால் எல்லாமே ஒருமுறை உருகியிருக்கின்றன.