பாரசீகக் குடுவையும் பித்தளைக் கழுத்தும்

பழைய பீங்கான்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர்களிடம் அடிக்கடி வரும் கோரிக்கை ஒன்று உண்டு. "இந்த உலோகத்தைக் கழற்றிவிட்டு, முதலில் எப்படி இருந்ததோ அப்படியே செய்து கொடுங்கள்." லண்டனில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வரும் பாரசீகப் பொருட்களில் இதை அதிகம் கேட்கிறோம், ஏனென்றால் கழுத்து போன குடுவை, மூக்கு போன கெண்டி, விளிம்பு சிதைந்த கிண்ணம் என்று எது வந்தாலும் அதில் பித்தளையோ வெள்ளியோ ஈயம் பூசிய செம்போ எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இப்போது அப்படிக் கேட்டால் சரி என்று சொல்வதற்கு முன் நிறையப் பேசுகிறேன், சில சமயம் முடியாது என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இந்தப் பாண்டங்கள் ஏன் இப்படி உடைகின்றன என்று பார்க்க வேண்டும். ஈரானில் 12ஆம் நூற்றாண்டிலிருந்து உயர்ரகப் பாண்டங்கள் பெரும்பாலும் வெறும் களிமண்ணால் செய்யப்பட்டவை அல்ல. காஷானின் பேர்பெற்ற குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் 1301இல் செய்முறையை எழுதியே வைத்திருக்கிறார்: அரைத்த படிகக்கல் 10 பங்கு, கண்ணாடித் தூள் 1 பங்கு, வெள்ளைக் களிமண் 1 பங்கு. சீனப் பீங்கானின் வெண்மைக்கு ஆசைப்பட்டுக் கண்டுபிடித்த கலவை. வெண்மை கிடைத்தது, உறுதி கிடைக்கவில்லை. உள்ளே நுண்துளைகள் அதிகம், உடைந்த விளிம்பு கையோடு உதிரும், அதனால் இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தால் நடுவில் எப்போதும் கொஞ்சம் காணாமல் போயிருக்கும். கழுத்து நீண்ட பன்னீர்க் குடுவையும் ஒயின் குடுவையும் கழுத்தில் உடைவதில் ஆச்சரியமே இல்லை. கழுத்தை ஒட்ட முடியாது. ஒட்டினாலும் கையில் பிடித்துச் சாய்த்து ஊற்றும் இடம் அதுதான், நிற்காது.

அப்போது கன்னார், அதாவது பித்தளை, செம்பு வேலை செய்பவர், என்ன செய்தார் என்பதை உலோகத்தை அடியிலிருந்து பார்த்தால் தெரிந்துகொள்ளலாம், எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். உடைந்த கழுத்தின் மிச்சத்தை அரம் போட்டுச் சமமாகத் தேய்த்து, அதன் மேல் பித்தளைத் தகட்டில் செய்த புதுக் கழுத்தைத் தொப்பி மாதிரி இறக்கி, இடைவெளியை அரக்கோ சுண்ணாம்புக் கலவையோ வைத்து நிரப்பியிருப்பார். எக்ஸ்ரே எடுத்தால் அந்தத் தேய்த்த விளிம்பு நேர்கோடாகத் தெரியும், அப்படியென்றால் அது பிற்காலப் பழுதுபார்ப்பு. உலோகத்துக்கு அடியில் கிளேஸ் (மேலே உருக்கிப் பூசிய கண்ணாடிப் பூச்சு) உதடுவரை முழுதாக ஓடி முடிந்திருந்தால் கதை வேறு, பாண்டம் உடையவே இல்லை, பூண் அழகுக்கோ பாதுகாப்புக்கோ போட்டது. புகை பிடிக்கும் ஹுக்காவின் அடிக்குடுவையில் இந்தச் சிக்கல் அதிகம். அதற்குக் குழாய் பொருத்த உலோகம் எப்படியும் தேவை, ஆகவே 17ஆம் நூற்றாண்டுக் குடுவையில் இருக்கும் பித்தளை மூக்கைப் பார்த்ததும் பழுது என்று முடிவுகட்டக் கூடாது.

கம்பி போட்டுத் தைத்தவை தனி ரகம். உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து, வில் துரப்பணத்தால் இருபுறமும் சிறு குழிகள் போட்டு (முழுக்கத் துளைக்காமல், பாதி கனம் வரை), குழிகளுக்கு இடையிலான தூரத்தைவிட ஒரு இழை குறைவான கம்பிக் கொக்கியை இறுக்கமாக உள்ளே இறக்குவார்கள். அந்த இழுவிசையே துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். ஈரானில் ஒரு காலத்தில் இதைச் செய்பவர்கள் தெருத்தெருவாக வருவார்கள், அவர்களுக்குச் 'சீனி பந்த்ஜன்', அதாவது பீங்கானுக்குக் கட்டுப் போடுபவர், என்று பெயர். என்னோடு வேலை செய்யும் இஸ்ஃபஹான்காரப் பெண் தன் பாட்டி வீட்டு ரஷ்யத் தேநீர்க் கெண்டியைப் பற்றிச் சொன்னார், கார்ட்னர் ஆலையில் செய்தது, வயிற்றைச் சுற்றி வரிசையாகக் கொக்கி, ஆனாலும் விருந்தாளி வந்தால் அதில்தான் தேநீர். "கொக்கி போட்ட கெண்டியில் பாட்டிக்குப் பெருமைதான், கூச்சமே கிடையாது" என்றார். பட்டறையில் நாங்கள் 'சேதம்' என்று எழுதும் இடத்தில் ஒரு குடும்பம் எதைப் பார்க்கிறது என்பது எனக்கு அன்று நன்றாக உறைத்தது.

உலோகத்தை எடுத்தே ஆக வேண்டிய சமயங்களும் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. இரும்புக் கொக்கி துருப்பிடித்து உப்பினால் குழியைச் சுற்றி விரிசல் விடும், துருக்கறை நுண்துளை வழியாக உள்ளே இறங்கிவிடும். செம்பிலும் பித்தளையிலும் ஏறும் பச்சைக் களிம்பும் அப்படித்தான் வெள்ளை உடம்பில் ஊறும். சீனப் பீங்கான் தாங்கும் இழுவையைப் பாரசீகப் பாண்டம் தாங்காது, கொக்கி இறங்கிய இடத்திலேயே பிய்ந்து வரும். அப்படிப்பட்டதைப் படமெடுத்து, அளந்து, கழற்றிய கொக்கிகளைப் பையில் போட்டுப் பொருளோடு கொடுத்துவிடுவோம். பிற்பாடு கரைத்து எடுக்கக்கூடிய பாராலாய்டு பி-72 போன்ற பசையால்தான் ஒட்டுகிறோம். ஆனால் கண்ணுக்கு உறுத்துகிறது, ஏலத்தில் விலை குறைகிறது என்பதெல்லாம் உலோகத்தை எடுக்கப் போதுமான காரணங்கள் என்று நான் நினைக்கவில்லை.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மேசைக்கு வரும் 12, 13ஆம் நூற்றாண்டு மினாய் கிண்ணங்களை (கிளேஸின் மேல் பல வண்ணங்களில் படம் தீட்டியவை)ப் புற ஊதா விளக்கில் வைத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் முழுதாக, பளிச்சென்று குதிரைவீரனும் இளவரசனும் இருப்பார்கள். விளக்கைப் போட்டதும் பாதி முகம் வேறு நிறத்தில் ஒளிரும், பழைய அரக்குப் பசை ஆரஞ்சாகத் தெரியும். பிளாஸ்டரில் நிரப்பி மேலே வரைந்தவை, இரண்டு மூன்று வேறு கிண்ணங்களின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கியவை எல்லாம் அதில் அடக்கம். அவை வாங்குபவரை ஏமாற்றுவதற்காகச் செய்த வேலை. பித்தளைக் கழுத்து யாரையும் ஏமாற்றவில்லை, நான் இங்கே உடைந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதைக் கழற்றிவிட்டு எபாக்ஸி பிசினில் நீலக் கழுத்து செய்து வைத்தால் நானும் அந்த மினாய் ஆட்களின் வேலையைத்தான் செய்கிறேன்.

1870களில் தெஹ்ரானில் தந்தித் துறையை நடத்திய ராபர்ட் மர்டாக் ஸ்மித் என்ற ராணுவப் பொறியாளர் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்காக, அதாவது இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்காக, ஈரானிலிருந்து ஏராளமான பொருட்களை வாங்கி அனுப்பினார். அந்த அருங்காட்சியகத்தின் பாரசீகச் சேகரிப்புக்கு அவர் அனுப்பியவைதான் பெரிய பலம். அந்தக் காலத்தில் வந்த பாண்டங்கள் வீடுகளிலும் கடைகளிலும் புழங்கியவை, புழங்கிய பாண்டத்தில் பூண் இருக்கத்தான் செய்யும். அப்புறம் ஏன் எத்தனையோ காட்சிப் பெட்டிகளில் 'ஈரான், 17ஆம் நூற்றாண்டு' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள்? கழுத்து 19ஆம் நூற்றாண்டுப் பித்தளையாக இருந்தால் அதற்கும் ஒரு வரி எழுதலாம், எந்த ஊர் வேலைப்பாடு என்று தெரிந்தால் அதையும் சேர்க்கலாம். நான் எழுதும் நிலை அறிக்கைகளில் 'குறைபாடுகள்' என்ற தலைப்பின் கீழ் உலோக வேலையைப் போடுவதை நிறுத்திவிட்டேன், பாண்டத்தைப் போலவே அதற்கும் தனிப் பத்தி, காலம், உலோகம், இணைப்பு முறை எல்லாம் எழுதுகிறேன். அதில் ஒரு பாதியாவது காட்சிப் பெட்டியின் அட்டைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.