கவுன்சில் வேறு, சங்கம் வேறு

சென்னையில் நர்சிங் முடித்து வருகிறவர்களில் பலர் நர்சுகள் கவுன்சிலையும் நர்சுகள் சங்கத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நர்சுகள் கவுன்சில் 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. அதில் பதியாமல் வேலை பார்க்கக் கூடாது. 1908இல் தொடங்கிய டிஎன்ஏஐ (இந்தியப் பயிற்சி பெற்ற நர்சுகள் சங்கம்) என்ற சங்கத்தில் சேர்வது அவரவர் விருப்பம். சம்பளம், டியூட்டி நேரம் பற்றிக் குரல் கொடுப்பது சங்கத்தின் வேலை. அதைக் கவுன்சிலில் போய்க் கேட்டுப் பயனில்லை.

கவுன்சில் பதிவில் இடறுவது பெரும்பாலும் இந்தப் பாழாய்ப்போன இனிஷியல்தான். மார்க் ஷீட்டில் 'எஸ். கவிதா', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. வெளிநாட்டு வேலைக்குச் சரிபார்ப்பு போகும்போது இரண்டும் ஒத்துவராமல் ஃபைல் நின்றுவிடும். விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள்.

சங்கம் நடத்தும் கருத்தரங்குக்குப் போனால், சான்றிதழில் கவுன்சில் அங்கீகரித்த தொடர்கல்வி மணிநேரம் போட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பதிவைப் புதுப்பிக்கும்போது அதைத்தான் எண்ணுவார்கள்.