புண்ணுக்குள் கிடந்த நூல்

எடை குறைக்க இரைப்பை பைபாஸ் (இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கி, அதைச் சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்துகொண்ட ஒருவர் வயிற்று வலி என்று திரும்பி வந்தால், என் வாயில் முதலில் வரும் கேள்வி "சிகரெட் பிடிப்பீங்களா?" என்பதுதான். அடுத்தது, "வலி மாத்திரை ஏதாவது?" தப்பான கேள்விகள் இல்லை. இணைப்பு இடத்தில் வரும் புண்ணுக்கு இவை இரண்டும் பெரிய காரணங்கள். ஆனால் இரண்டுமே எதிரில் உட்கார்ந்திருப்பவரைக் குற்றம் சாட்டுபவை. அது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது.

அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகிப் பத்து மாதம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குழியில் குத்தல். புகைப் பழக்கம் கிடையாது. மூட்டு வலி மாத்திரையை ஆபரேஷனுக்கு முன்பே நிறுத்திவிட்டார். வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியும் இல்லை. நான் நம்பவில்லை. "நல்லா யோசிங்கம்மா, தலைவலிக்குக்கூட எதுவும் போடலையா?" என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவர் பதில் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எண்டோஸ்கோப்பி. சின்னப் பையைக் கடந்து இணைப்பு வாய்க்கு வந்ததும், சிறுகுடல் பக்கம் வெள்ளை படிந்த ஒரு குழி. அதன் நடுவில் பச்சை நூல் முனை ஒன்று மூச்சுக்கு மூச்சு ஆடிக்கொண்டிருந்தது. கரையாத நூல். இணைப்பு பலமாக இருக்கட்டும் என்று வெளிப்புறத்தில் நான் போட்ட தையல், சுவரை அரித்துக்கொண்டு உள்ளே வந்திருந்தது.

இந்த இடமே கொஞ்சம் வம்பு பிடித்த இடம். இரைப்பைச் சுவர் அமிலத்தோடு வாழப் பழகியது, சிறுகுடல் அப்படியல்ல. பைபாஸில் ஏறக்குறைய 30 மில்லி பிடிக்கும் பையோடு அதை நேரடியாக இணைக்கிறோம். அமிலத்தை மட்டுப்படுத்தும் கணைய நீரும் பித்தமும் வெகு கீழேதான் வந்து சேர்கின்றன. பை பெரிதாகிவிட்டால் அமிலம் சுரக்கும் செல்களும் கூடும். முன்பெல்லாம் இரைப்பையை வெட்டிப் பிரிக்காமல் ஸ்டேப்ளர் மட்டும் அடிப்பார்கள். அந்த வரிசை விட்டுப்போனால் ஒதுக்கி வைத்த பெரிய இரைப்பையின் அமிலம் பைக்குள் வரும். இன்று வெட்டியே பிரிப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

ஒரு வேடிக்கை. 1960-களில் எட்வர்ட் மேசன் என்ற அமெரிக்க சர்ஜன் இந்த ஆபரேஷனைத் தொடங்கியதற்குக் காரணமே, அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்தவர்கள் எடை குறைந்தே இருந்ததுதான். அல்சர் வைத்தியத்தில் பிறந்தது, அல்சரையே திருப்பித் தருகிறது.

அப்புறம் இழுவை. எனக்குக் கற்றுக்கொடுத்த சீஃப் குடலை மேலே கொண்டுவரும்போதெல்லாம், "இழுத்துக் கட்டாதே, அதுவா வந்து உட்காரணும்" என்பார். இழுத்தால் ரத்த ஓட்டம் குறையும், குறைந்தால் புண் வரும், வந்தாலும் லேசில் ஆறாது. அவரிடம் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். நூலைப் பற்றித்தான் யோசிக்கவேயில்லை.

எண்டோஸ்கோப்பி வழியாகவே சின்னக் கத்தரியை விட்டு முடிச்சை வெட்டி, இடுக்கியால் உருவினேன். முழுசாக ஒரு நகத்தின் நீளம்கூட இல்லை. அமிலத்தைக் குறைக்கும் கேப்ஸ்யூலை எழுதிக்கொடுத்தபோது, திறந்து, உள்ளே இருக்கும் மணிகளை மெல்லாமல் விழுங்கச் சொன்னேன். சின்னப் பையில் கேப்ஸ்யூல் கரைய நேரம் போதாது. 2017-இல் வந்த ஓர் ஆய்வில், திறந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற 91 நாள் பிடித்தது. முழுதாக விழுங்கியவர்களில் பாதிப் பேருக்கு ஆற 342 நாள்.

மயக்கம் தெளிந்ததும் துணியில் வைத்திருந்த நூலைக் காட்டினேன்.

"இதுதானா டாக்டர்?"

"ஆமாம்மா. நான் போட்டதுதான்."

"அப்போ தலைவலி மாத்திரை இல்லை" என்றார். சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவருடைய ஆபரேஷன் குறிப்பை எடுத்துப் படித்தேன். 'இரண்டு அடுக்குத் தையல்' என்று என் கையெழுத்தில் இருந்தது. என்ன நூல் என்று எழுதவில்லை. இப்போது இரண்டு அடுக்கிலும் கரையும் நூல்தான் போடுகிறேன், பெயரையும் எழுதிவைக்கிறேன். வலி என்று யாராவது வந்தால், சிகரெட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறேன்.